கருவியும் கரமும்

கலைக்கும் கருவிக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. உளியின்றிச் சிற்பமில்லை, தூரிகையின்றி ஓவியமில்லை. ஆயினும் உளியும் தூரிகையும் மனிதக் கரத்தின் நீட்சிகளாக இருந்தனவேயன்றி அக்கரத்துக்குப் போட்டியாக எழுந்தவை அல்ல. கரம் ஓய்ந்தால் அவையும் ஓய்ந்தன. கரத்தின் உதவியை நாடாமல் தானே உருவம் தீட்டவல்ல பொறி ஒன்று தோன்றியபோதுதான், கலைஞனின் முன் ஒரு புதிய கேள்வி வந்து நின்றது. 'நான் செய்ததையெல்லாம் பொறி செய்யுமாயின், நான் செய்வதற்கு எஞ்சியிருப்பது எது?' கடந்த இரு நூற்றாண்டுக் கலை வரலாற்றின் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்விக்குக் கலைஞர்கள் தேடிய விடைகளின் வரலாறாகவே நாம் படிக்கலாம். அவ்விடைகளுள் சில ஒளி தந்தன. சில, மனிதரையே மறந்து இருளில் கொண்டுபோய் விட்டன. கணிப்பொறியே படம் வரையும் இந்நாளில் அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

ஒளி வரைந்த படம்

பிரான்சு நாட்டில் 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், அறிவியல் கழகமும் நுண்கலைக் கழகமும் பாரிசில் கூட்டாகக் கூடின. லூயி டகேர் என்பவர் கண்டறிந்த ஒளிப்பட முறையின் இரகசியம் அன்று உலகறிய வெளியிடப்பட்டது. வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் ஒளியே உருவத்தைப் பதித்தது. இவ்வாய்வில் டகேருக்கு முன்னோடியாய் உழைத்த நியெப்ஸ், பயன் காணாமல் 1833-இலேயே இறந்துவிட்டார். பிரெஞ்சு அரசு டகேருக்கும் நியெப்ஸின் மகனுக்கும் ஆண்டு ஓய்வூதியம் வழங்கி, அக்கண்டுபிடிப்பைப் பொதுவுடைமையாக்கிற்று.

ஓவியக்கலை அன்றோடு மடிந்தது என்று போல் டெலரோஷ் என்னும் புகழ்பெற்ற வரலாற்று ஓவியர் கூறியதாக ஒரு கதை வழங்கி வருகிறது. அதற்குச் சான்றேதுமில்லை. சான்றுள்ளது வேறொன்று. கழகத்தில் அக்கண்டுபிடிப்பை எடுத்துரைத்த அராகோ என்ற அறிஞருக்கு டெலரோஷ் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். அதில் இப்புதிய முறை கலைக்குப் பெருந்தொண்டு செய்யும் என்று வரவேற்றிருந்தார். இழவு ஓலை எழுதியவராக ஊர் பேசும் அதே மனிதர், உண்மையில் வாழ்த்து மடலே எழுதியிருந்தார்!

எனினும், இழப்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிற்றுருவப் படங்களைத் தீட்டி வயிறு வளர்த்த ஓவியர் பலர், சில ஆண்டுகளுக்குள் பிழைப்பை இழந்தனர். அவர்களுள் பலர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஒளிப்படக்காரர்களாயினர். மாறாக, தெலக்ருவா போன்ற பேரோவியர், ஒளிப்படத்தைத் தம் பயிற்சிக்கு உதவும் ஏடாகக் கொண்டார். கவிஞர் போதலேர் 1859-இல் எழுதிய கலை விமரிசனத்தில் ஒளிப்படத்தைக் கடுமையாகச் சாடினார். கலைகளுக்கும் அறிவியலுக்கும் அது பணிப்பெண்ணாய் இருக்கலாம். கற்பனையின் அரியணையில் ஏற முயன்றால் கேடு விளையும் என்பது அவர் கருத்து. பிழைப்பை இழந்த எளியவர், பயன் கொண்ட வல்லவர், எச்சரித்த கவிஞர் ஆகிய இம்மூவரையும் ஒவ்வொரு புதிய பொறியின் வருகையிலும் நாம் மீண்டும் மீண்டும் சந்திக்கிறோம்.

கல்லச்சு தந்த கொடை

ஒளிப்படம் பிறக்குமுன்பே மற்றொரு பொறி தன் வேலையைத் தொடங்கியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செனஃபெல்டர் என்ற ஜெர்மானியர் கல்லச்சு முறையைக் கண்டார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல்லெனக் கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் வண்ணக் கல்லச்சு 1830-களில் உருப்பெற்றது. அரண்மனையிலும் பேராலயத்திலும் மட்டுமே காணக்கிடைத்த வண்ண ஓவியம், அதனால் ஏழையின் குடிசைச் சுவரை அடைந்தது.

இந்த அலை நம் நாட்டையும் தொட்டது. திருவிதாங்கூரில் பிறந்த ராஜா ரவிவர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் ஒன்றை நிறுவினார். ஜெர்மானிய இயந்திரங்களும் ஜெர்மானியத் தொழில் வல்லுநர்களும் அங்கே பணிபுரிய, அவர் தீட்டிய இலட்சுமியும் சரசுவதியும் ஆயிரமாயிரம் படிகளாய் இந்தியா எங்கும் பரவினர். கோயிலுக்குள் நுழைய இடம் மறுக்கப்பட்ட மக்களின் இல்லங்களுக்குள்ளும் தெய்வ உருவங்கள் நுழைந்தன. கத்தோலிக்க இல்லங்களின் நடுச்சுவரில் விளக்கொளியில் நாம் காணும் திரு இருதய ஆண்டவர் படமும் இதே அச்சுக் கலையின் வழியில் வந்ததே. அப்படத்தின் முன் எத்தனை தலைமுறைகள் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லியிருக்கின்றன! அது நகல்தான் என்று எந்தத் தாயும் ஒரு மணியையேனும் குறைத்ததில்லை.

ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1936-இல் வெளியிட்ட கட்டுரையில், பொறிவழி நகலெடுக்கும் காலத்தில் கலைப்படைப்பு தன்னைச் சூழ்ந்திருந்த ஒளிவட்டத்தை இழக்கிறது என்று எழுதினார். ஓரிடத்தில் ஒன்றாய் மட்டுமே இருப்பதால் மூலப்படைப்புக்கு வாய்க்கும் தனிப்பெருமையை அவர் அவ்வாறு குறித்தார். இழப்பை மட்டும் கண்டவரல்லர் அவர். பலருக்கும் கலை எட்டியதால் விளையும் நன்மையையும் கண்டார். நாமோ இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். காகிதத்தில் இல்லாத ஒளிவட்டம் சில வேளைகளில் காண்போரின் கண்களில் இருக்கிறது.

குழாயில் அடைத்த வண்ணம்

பெரும்பொறிகளைப் பற்றியே பேசுவோர் ஒரு சிறு பொருளை மறந்துவிடுகின்றனர். ஓவியர்கள் அரைத்துக் குழைத்த வண்ணங்களைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்த காலம் உண்டு. ஒருமுறை குத்தித் திறந்தால் வண்ணம் விரைவில் உலரும். வெளியே எடுத்துச் செல்வதும் அரிது. ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-இல் வெள்ளீயத் தகட்டாலான பிதுக்குக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். நாம் காலையில் பற்பசை பிதுக்கும் குழாய்க்கு அதுவே மூதாதை. அச்சிறு குழாயை மடியில் கட்டிக்கொண்டு ஓவியன் வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் புறப்பட்டான். அக்குழாய் இல்லையேல் தம் தலைமுறையின் ஓவியமே இல்லை என்று ரெனுவார் கூறியதாக அவர் மகன் எழுதியிருக்கிறார்.

வண்ணங்களும் மாறின. அன்னை மரியாவின் மேலாடைக்கு இடைக்கால ஓவியர்கள் தீட்டிய ஆழ்ந்த நீலம், ஆப்கானிய மலைகளில் வெட்டியெடுத்த கல்லைப் பொடித்துப் பெறப்பட்டது. பொன்னுக்கு நிகரான விலை என்பதால், படம் வேண்டுவோர் அந்நீலத்துக்கென்றே தனியாகப் பணம் ஒதுக்குவது வழக்கம். அந்நீலத்தைச் செயற்கையாக ஆக்குவோருக்கு 6,000 பிராங்கு பரிசு என்று 1824-இல் பிரான்சில் அறிவித்தனர். 1828-இல் கிமே என்ற வேதியியலார் அதைப் பெற்றார். அரசியின் நீலம் ஆலையில் பிறந்து, ஏழை ஓவியனின் பலகைக்கும் வந்து சேர்ந்தது.

குழாயும் ஆலை வண்ணமும் இரயில் வண்டியும் ஒன்றுகூடிய இடத்தில் ஒரு புதிய ஓவிய இயக்கம் தோன்றிற்று. பாரிசுக்கு அருகே இரயில் எட்டும் தொலைவிலுள்ள அர்ழாந்தேய் என்ற ஊரில் 1871 முதல் 1878 வரை கிளாடு மொனே குடியிருந்தார். 1877-இல் அவர் இரயில்வே நிறுவனத்தின் இசைவு பெற்று, பாரிசின் சான் லசார் நிலையத்துக்குள்ளேயே ஓவியச் சட்டத்தை நிறுத்தினார். கண்ணாடிக் கூரையின்கீழ் நீராவி நீலமாயும் சாம்பலாயும் சுருண்டெழும் காட்சியை ஏறத்தாழப் பன்னிரண்டு படங்களில் தீட்டினார். முகில் தவழும் மலையைப் பார்த்த கண்ணாலேயே புகை கக்கும் எஞ்சினையும் அவர் பார்த்தார்.

இங்கே ஒரு செய்தியை நினைவிற்கொள்ளல் தகும். மொனேயும் நண்பர்களும் 1874-இல் நடத்திய முதற் கண்காட்சி, நடார் என்ற ஒளிப்படக்காரரின் பழைய பணிக்கூடத்தில் நடைபெற்றது. ஓவியத்துக்கு எமனாக வந்தது என்று அஞ்சப்பட்ட ஒளிப்படம், புதிய ஓவியத்துக்குத் தன் வீட்டிலேயே தொட்டில் கட்டித் தந்தது! உருவத்தை உள்ளபடியே பதிக்கும் பணியை ஒளிப்படம் ஏற்றுக்கொள்ளவே, நொடிக்கு நொடி மாறும் ஒளியைத் துரத்திப் பிடிக்கும் உரிமை ஓவியனுக்குக் கிடைத்தது.

குதிரையின் கால்கள்

பொறி, கலைஞனின் கண்ணையே ஐயுற வைத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. பாயும் குதிரையை முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னும் நீண்டு, நான்கும் தரையைத் தொடாதபடி தீட்டுவது ஐரோப்பிய ஓவியரின் மரபு. ஜெரிக்கோ 1821-இல் தீட்டிய எப்சம் குதிரைப் பந்தயம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1878 ஜூன் மாதத்தில் மைபிரிட்ஜ் என்பவர், ஓட்டப் பாதையின் ஓரமாகப் பன்னிரண்டு ஒளிப்படக் கருவிகளை வரிசையாக வைத்தார். குதிரை கடக்குந்தோறும் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பிடித்தன. குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டெழுவது மெய்தான். ஆனால் அவை நீண்டிருக்கும் வேளையில் அவ்வாறு எழுவதில்லை. வயிற்றின்கீழ் ஒடுங்கும் வேளையிலேயே எழுகின்றன என்பது தெளிவாயிற்று.

அப்படியாயின் ஓவியர் தலைமுறை தலைமுறையாகப் பொய் தீட்டினரா? சிற்பி ரோதேன் அதற்கு அளித்த விடை ஆழமானது. 1911-இல் வெளிவந்த உரையாடல்களில் அவர், கலைஞனே மெய் சொல்கிறான், ஒளிப்படமே பொய் சொல்கிறது என்று வாதிட்டார். காலம் எங்கும் நிற்பதில்லை. ஒளிப்படமோ அதை வெட்டி நிறுத்திவிடுகிறது. அடுத்தடுத்த பல கணங்களை ஒரே உருவத்துள் திரட்டித் தருபவன் கலைஞன் என்பது அவர் வாதத்தின் சாரம். மைபிரிட்ஜ் கண்டதும் உண்மை. ரோதேன் சொன்னதும் உண்மை. ஒன்று அளக்கப்படும் உண்மை. மற்றது வாழப்படும் உண்மை.

இளைய தலைமுறை இரண்டையும் இணைக்க முனைந்தது. பிரான்சில் மாரே என்ற உடலியல் அறிஞர், ஓர் இயக்கத்தின் பல நிலைகளை ஒரே தகட்டில் பதித்துக் காட்டினார். மார்சல் துஷாம் 1912-இல் படியிறங்கும் ஓர் உருவத்தை அதே பாங்கில், விசிறி மடிப்புகள்போல் அடுக்கித் தீட்டினார். 1913-இல் நியூயார்க்கில் அப்படம் வைக்கப்பட்டபோது செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. இன்றோ அது நவீன ஓவியத்தின் மைல்கற்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

வேகத்துக்கு எடுத்த ஆலயம்

இதுகாறும் பொறியை அஞ்சியவர்களையும் அதைப் பயன்கொண்டவர்களையும் கண்டோம். இனி அதை வணங்கியவர்களைக் காண்கிறோம். இத்தாலியக் கவிஞர் மாரினெட்டி 1909 பிப்ரவரி 20-ஆம் நாள் பாரிசின் 'லெ ஃபிகரோ' நாளிதழின் முதற்பக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார். எதிர்காலவாதம் என்ற இயக்கம் அதனால் பிறந்தது. லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் கிரேக்க வெற்றித்தேவதையின் சிலையைவிட, உறுமி ஓடும் பந்தயக் கார் அழகிற் சிறந்தது என்று அவர் முழங்கினார். அருங்காட்சியகங்களை இடித்துத் தள்ள வேண்டும் என்றார். அத்தோடு நில்லாமல், உலகைத் தூய்மை செய்யும் மருந்து போரே என்றும் போற்றினார்.

இளைஞர்களின் வெற்றுரை என்று இதனை நாம் ஒதுக்கிவிட முடியாது. அவ்வியக்கத்தாரின் ஓவியங்களில் உயிரும் ஆற்றலும் இருந்தன. ஆனால் மனிதனை அளக்கும் கோலாகப் பொறியைக் கொண்டதில் அவர்கள் பிழைபட்டனர். அவர்கள் வேண்டி நின்ற போர் 1914-இல் வந்தது. அவ்வியக்கத்தின் தலைசிறந்த கலைஞரான பொச்சியோனி, 1916 ஆகஸ்டில் குதிரைப்படைப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மாண்டார். எஞ்சினின் வேகத்தைப் பாடியவருக்குச் சாவு குதிரையின் மேலிருந்து வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், வருங்கால நகரங்களை வரைந்து வைத்த சான்ட் எலியா என்ற இளங்கட்டடக் கலைஞர் போர்முனையில் வீழ்ந்தார். மாரினெட்டியோ பின்னாளில் முசோலினியின் அணியில் சேர்ந்தார்.

இரண்டு சீட்டாட்டங்கள்

அப்போரில் தொண்ணூறு இலட்சத்துக்கும் குறையாத போர்வீரர் மடிந்தனர். பொறித்துப்பாக்கியும் பீரங்கியும் நச்சுப்புகையும் ஆலையின் ஒழுங்கோடு மனிதரை அறுவடை செய்தன. எதிரெதிர் அணிகளில் நின்ற இரண்டு ஓவியர், அப்போரைப் பற்றி ஒரே பொருளைக் கொண்டு இரு படங்கள் தீட்டினர். இருவரும் சீட்டாடும் போர்வீரரையே வரைந்தனர்.

முதல்வர் பிரான்சின் ஃபெர்னான் லெஜே. நார்மண்டியில் 1881-இல் பிறந்த அவர், 1914 ஆகஸ்டில் படையில் சேர்க்கப்பட்டார். வெயிலில் பளபளத்த 75 மில்லிமீட்டர் பீரங்கியின் பின்வாயைக் கண்டு தாம் மெய்ம்மறந்து நின்றதைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். அதே பதுங்குகுழிகளில்தான் சுரங்கத் தொழிலாளரையும் மரவேலை செய்வோரையும் முதன்முதலாகத் தோழராய்க் கண்டேன் என்றும் அவர் சொல்லியுள்ளார். நோயுற்று மருத்துவ விடுப்பிலிருந்த 1917-இல் அவர் சீட்டாடும் வீரரைத் தீட்டினார். கைகள் குழாய்களாகவும் விரல்கள் உலோகத் துண்டுகளாகவும் காட்சி தருகின்றன. தோளில் பட்டயமும் மார்பில் பதக்கமும் இருக்கின்றன, முகத்தில் முகமில்லை.

மற்றவர் ஜெர்மனியின் ஓட்டோ டிக்ஸ். பொறித்துப்பாக்கிப் படையில் பணியாற்றியவர். போர் முடிந்தபின் 1920-இல் அவரும் ஒரு சீட்டாட்டத்தைத் தீட்டினார். மேசையைச் சுற்றி மூவர். ஒருவர் காலால் சீட்டைப் பிடித்திருக்கிறார். ஒருவருடைய தாடை உலோகத்தாலானது. அவர்களுடைய மரக்கால்களையும் நாற்காலியின் கால்களையும் எளிதில் பிரித்தறிய இயலவில்லை. செய்தித்தாள் துண்டுகளையும் டிக்ஸ் அப்படத்தில் ஒட்டியுள்ளார்.

இவ்விரு படங்களையும் மனத்தில் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். லெஜே பொறியின் வடிவத்தை மனித உடலுக்குக் கொடுத்தார். அதில் வியப்பு கலந்திருந்தது. பொறி பறித்துக்கொண்ட உறுப்புகளுக்குப் பதிலாகப் பொறியே தந்த உறுப்புகளை டிக்ஸ் காட்டினார். அதில் கசப்பு கலந்திருந்தது. கையைப் பறித்த ஆலையே இரும்புக் கையையும் விற்கிறது! எதிர்காலவாதிகள் எழுதிய நூறு அறிக்கைகளுக்கு இந்த ஒரு மேசை விடை சொல்லிவிடுகிறது. 1933-இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் டிக்ஸைத் துரெஸ்டன் கலைக்கழகப் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கினர் என்பதில் வியப்பில்லை. ஆயுதத்தைத் துதிப்பவர்கள் ஊனமுற்றவரின் உருவத்தைக் காணப் பொறுக்கமாட்டார்கள்.

நீதிமன்றத்தில் ஒரு பறவை

பொறியால் கலைக்கு நேர்ந்த குழப்பம் நீதிமன்றம் வரைக்கும் சென்றது. ருமேனியச் சிற்பி பிரான்கூசி, வானில் எழும் பறவையின் எழுச்சியை மட்டும் பிரித்தெடுத்து, வழவழப்பான வெண்கல வடிவமாய் ஆக்கினார். சிறகில்லை, அலகில்லை, கண்ணுமில்லை. 1926-இல் அது நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தபோது, சுங்க அலுவலர் அதைச் சிற்பமென ஏற்க மறுத்தனர். கலைப்படைப்புக்கு வரி கிடையாது. இதுவோ எந்திரப் பாகம்போல் தோன்றியமையால், சமையல் கலங்களும் மருத்துவமனைக் கருவிகளும் அடங்கும் உலோகப் பொருள் பிரிவில் சேர்த்து 40 விழுக்காடு வரி விதித்தனர்.

வழக்கு நடந்தது. திறமையான எந்திரத் தொழிலாளி ஒருவர் அரத்தைக் கொண்டு இதையே செய்துவிட மாட்டாரா என்று அரசுத் தரப்பு வினவிற்று. சான்றளிக்க வந்த சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன், தொழிலாளி அதற்கு மெருகேற்றலாம், ஆனால் அதை மனத்தில் கருக்கொள்ள அவரால் இயலாது என்னும் பொருள்பட விடை தந்தார். 1928 நவம்பரில் தீர்ப்பு பிரான்கூசிக்குச் சார்பாக வந்தது.

எப்ஸ்டைன் தந்த விடை நமக்கு ஓர் உரைகல். எனினும் அதை முழுமையாக ஏற்பதற்கு முன் சற்றே தயங்குகிறோம். தொழிலாளியால் கருக்கொள்ள இயலாது என்று யார் உறுதி கூற முடியும்? பொறியால் இயலாது என்பது வேறு. பொறியோடு உழைக்கும் மனிதரால் இயலாது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே தொழில் யுகம் செய்த பெரும்பிழை. அப்பிழையைத் திருத்தும் முயற்சி ஒன்று, ஓர் ஆலயத்தில் நடந்தது.

தொழிலாளர் ஊரில் ஓர் ஆலயம்

லெஜேயின் வாழ்வு போரோடு நின்றுவிடவில்லை. 1924-இல் அவர் பொறிகளும் சமையற் கலங்களும் நடனமாடும் திரைப்படம் ஒன்றை எடுத்தார். 1945-இல் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். அத்தகையவரை ஆலயப் பணிக்கு அழைக்கும் துணிவு ஒரு தொமினிக்கன் துறவிக்கு இருந்தது. அவர்தாம் அருட்தந்தை கூத்தூரியே. ஆலயக் கலை உயிரற்ற அச்சு வார்ப்புகளாய்ச் சீரழிந்துவிட்டதை எண்ணி வருந்திய அவர், திறமையற்ற பக்தரைவிடப் பக்தி அறியாத பெருங்கலைஞரை நம்பி அழைப்பதே மேல் என்று வாதிட்டார். ஆல்ப்ஸ் மலையில் காசநோயாளர் தங்கிய ஆசி என்ற ஊரின் அன்னை மரியா ஆலயம் 1950-இல் அபிஷேகம் பெற்றபோது, அதன் முகப்பில் லெஜேயின் கற்பதிவு ஓவியம் ஒளிர்ந்தது. யூதரான ஷகால், கத்தோலிக்கரான ருவோ ஆகியோரின் படைப்புகளும் அங்கே இடம்பெற்றன. இத்துணிவை எதிர்த்தவர் பலர்; திருச்சபைக்குள்ளேயே கடும் விவாதம் எழுந்தது.

அதற்கடுத்த ஆண்டில் பிரான்சின் கிழக்கே, பெஜோ கார் ஆலைகளை அடுத்த ஒதேன்கூர் என்ற தொழிலாளர் ஊரில் திரு இருதய ஆலயம் எழுந்தது. அதற்கு லெஜே பதினேழு சாளரங்களை வடிவமைத்தார். பழைய பேராலயங்களில்போல் மெல்லிய கண்ணாடியை ஈயத்தால் இணைக்கவில்லை. தடித்த வண்ணக் கண்ணாடிப் பாளங்களை வெட்டிக் கான்கிரீட்டில் பதித்தனர். ஆலையும் அணையும் பாலமும் கட்டிய கான்கிரீட்டே அங்கு ஒளியைத் தாங்கி நிற்கிறது.

அச்சாளரங்களில் லெஜே தீட்டியது ஆண்டவருடைய பாடுகளின் கருவிகளை. ஆணியும் முள்முடியும் சுத்தியலும் குறடும் ஆளுயரத்துக்குப் பெருகி, சிவப்பிலும் நீலத்திலும் மஞ்சளிலும் சுடர்விடுகின்றன. முன்பு பீரங்கியின் பின்வாயில் அழகு கண்ட அதே கண்தான் இதையும் கண்டது. ஆனால் இடையே முப்பத்துநான்கு ஆண்டுகளும் இரண்டு போர்களும் கடந்திருந்தன. கருவி அழகியதாக இருக்கலாம். அது யாருடைய கையைத் துளைத்தது என்ற கேள்வியை அவ்வழகு மறைத்துவிடக் கூடாது. நாள் முழுதும் சுத்தியலும் குறடும் பிடித்த கைகளோடு ஆலயத்துக்கு வரும் தொழிலாளி, தன் கருவிகளையே பலிபீடத்தைச் சுற்றி ஒளிரக் காண்கிறார். நாசரேத்துத் தச்சர் பட்டறையில் பிடித்த கருவிகளும் அவையே. கல்வாரியில் அவரை அறைந்த கருவிகளும் அவையே. சுத்தியல் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. பிடித்திருக்கும் கரமே முடிவு செய்கிறது. இதைவிடத் தெளிவாக எந்த ஏடும் இவ்வுண்மையைச் சொன்னதாகத் தெரியவில்லை.

பெயருக்குப் பதில் ஒரு சூத்திரம்

அதன்பின் வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். அமெரிக்காவில் ஆண்டி வார்ஹால் 1962 முதல் பட்டுத்திரை அச்சு முறையில் திரைப்பட நடிகையரின் உருவங்களைப் பொறிபோலவே அடுக்கடுக்காய்ப் படைத்தார். கீழைத்திருச்சபை மரபில் வளர்ந்த அவர், தம் இறுதிக் காலத்தில் இராவுணவுக் காட்சியை மலிவான அச்சுப் படங்களிலிருந்தே பலமுறை நகலெடுத்தார். 1987 ஜனவரியில் அவை மிலான் நகரில், லியொனார்தோவின் மூல ஓவியம் அமைந்த மடத்துக்கு எதிரிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. மறுமாதமே அவர் இறந்தார். நகலின் நகலிலும் அப்பந்தியின் அழைப்பு கேட்கத்தான் செய்தது.

நம் காலத்தில் பொறி மேலும் ஒரு படி ஏறியிருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டு வரையிலான 15,000 உருவ ஓவியங்களைக் கணிப்பொறிக்குக் காட்டி, அதன் விளைவாய்ப் பெறப்பட்ட ஒரு படம், 2018 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 4,32,500 டாலருக்கு விலைபோயிற்று. ஓவியர் கையெழுத்திடும் மூலையில் ஒரு கணிதச் சூத்திரம் அச்சிடப்பட்டிருந்தது. 2022-இலிருந்து, வேண்டியதைச் சொற்களில் எழுதினால் நொடிகளில் படமாக்கித் தரும் மென்பொருள்கள் எவர் கைக்கும் எட்டின. தம் இசைவின்றித் தம் படைப்புகளை அப்பொறிகளுக்கு இரையாக்கினர் என்று ஓவியர் சிலர் 2023 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றத்தை நாடினர்.

1839-இன் மூவரும் இங்கே மீண்டும் நம்முன் நிற்கின்றனர். பிழைப்பை இழக்கும் எளியவர் இருக்கிறார். பயன் கொள்ளும் வல்லவர் இருக்கிறார். எச்சரிக்கும் குரலும் இருக்கிறது. ஒளிப்படம் ஓவியத்தைக் கொல்லவில்லை என்ற வரலாறு நமக்கு ஆறுதல் அளிக்கலாம். ஆனால் அன்று வேலையிழந்த சிற்றுருவ ஓவியருக்கு அவ்வாறுதல் சோறு போடவில்லை. கலை பிழைத்துக்கொள்ளும், கலைஞன் பிழைப்பானா என்பது தனிக் கேள்வி. முன்னதை மட்டும் சொல்லிப் பின்னதை மறைப்பது அறமாகாது. மேலும், ஒளிப்படக்கருவி எதிரிலிருந்த உலகைப் பார்த்தது. இப்புதிய பொறியோ மனிதர் முன்பே படைத்து வைத்தவற்றைத்தான் பார்க்கிறது. அது உண்ணும் ஒவ்வொரு படத்தின் பின்னும் ஒருவருடைய கண்விழிப்பும் கைவலியும் இருக்கின்றன. அவர்களுக்கு உரிய நன்றியும் கூலியும் சேர வேண்டும் என்பது கலையைப் பற்றிய செய்தி மட்டுமன்று. உழைப்பாளிக்கு அவனது கூலியை மறுக்கலாகாது என்ற பழைய கட்டளையைப் பற்றியதுமாகும்.

ஆகவே, பொறியை வெறுக்க வேண்டியதில்லை, வணங்கவும் வேண்டியதில்லை. மொனே புகையில் ஒளி கண்டார். டிக்ஸ் இரும்புத் தாடையில் மனிதனின் அழுகையைக் கண்டார். லெஜே ஆணியில் ஆண்டவரின் கரத்தைக் கண்டார். மூவர்க்கும் பொறியின் யுகம் பொருள் தந்தது. பார்வையை அவர்களே தந்தனர். ஒரு படம் நம்முன் வைக்கப்படும்போது, அது கையால் ஆனதா பொறியால் ஆனதா என்று கேட்பதோடு நாம் அமைந்துவிடக் கூடாது. இதில் எவருடைய நோவு அறியப்பட்டிருக்கிறது, எவருடைய மகிழ்ச்சி பகிரப்பட்டிருக்கிறது, எவருடைய உழைப்பு மறைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேட்டல் வேண்டும். இக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்த மக்கள் இருக்கும்வரை, எத்தனை வல்லமையுள்ள கருவி வந்தாலும் கரத்துக்கு வேலை இருக்கும்.